சனிக்கிழமை வேண்டுதல்

– அம்மா, கொஞ்சம் சிரி. அத்தைக்கு போட்டோ அனுப்பணும்.

– சிரிக்க மூச்சு வேணாமா? இரு அதிதி, இப்டி படியில உக்காந்துக்கறேன்.

– உக்காந்தா வேண்டுதல் மாதிரி தெரியாதும்மா. பிக்னிக் வந்தா மாதிரி தெரியும்.

– இன்னும் எவ்ளோடி கீது?

– பாதி மலை கூட வரல.

– எல்லாம் என் வாயால வந்தது. பொண்ணை செங்கல்பட்டுல கவுன்சிலிங் கூட்டிகினு போறேன்னு உங்க கன்னியம்மா அத்தைகிட்ட சொல்லத் துப்பு இல்ல. திருக்கழுக்குன்றத்துல வேண்டுதல்னு சொல்லிட்டேன்.

– அதோட நிறுத்தியிருக்கலாம்.

– எங்க நிறுத்துனேன்? வாராவாரம் சனிக்கிழமை மலை ஏறணும்னேன்... வெறுங்கால்ல.

– வெறுங்கால்னு உன்னை யாரு கேட்டாங்க?

– யாருமே கேக்கல. பொய்னு வந்துட்டா எனக்குக் கை தாராளம்.

– மொத வாரம் நாம ஏறவே இல்லியே. பஸ் ஸ்டாண்டாண்ட குங்குமம் வாங்கிகினு வூட்டுக்குப் போனோம்.

– அத்தை விட்டாங்களா? "காலைக் காட்டு"ன்னாங்க. வெறுங்கால்ல மலை ஏறினவ பாதம் இப்டியா வழுவழுன்னு இருக்கும்னாங்க.

– நீ இன்னா சொன்ன?

– ஸ்கூட்டியில வர்றப்ப காத்துல தூசு போயிடுச்சுன்னேன்.

– அம்மா!

– அந்த நேரத்துக்கு அதான்டி வந்துச்சு. அப்பலேருந்து நெசமாவே ஏறிகினு கீறேன்... அய்யோ...

– சரி, பேசாத. கவுன்சிலிங் மேடம் சொல்லித் தந்தா மாதிரி செய். மூக்கால இழு... நாலு எண்ணு... வாயால மெதுவா விடு...

– உனக்குச் சொல்லித் தந்த மூச்சை நான் விட்டுகினு கீறேன் பாரு.

– மொத நாளே உன்னைத்தான் அட்மிட் பண்ணணும்னு நெனச்சிருப்பாங்க. "எப்டி இருக்க அதிதி"ன்னு அவங்க என்னைக் கேட்டா, "நல்லாதான் கீறா மேடம், தூக்கம்தான் இல்ல"ன்னு நீ சொல்ற.

– டாக்டராண்ட போனா இருமல், சளின்னு நான்தானே சொல்லுவேன்? அதே பழக்கம்.

– "எதை நெனச்சா பயமா கீது?"ன்னாங்க. அதுக்கும் நீதான். "பரீட்சை மேடம்!"

– அதான் வெளிய துரத்திட்டாங்களே. பொம்மைக் கூடையாண்ட, பிள்ளைங்க உக்கார்ற குட்டி நாற்காலியில. எழுந்தா நாற்காலியும் என்கூடவே எழுந்து வருது.

– ஐயோ... அதை நான் கதவு சந்துல பாத்தேன்மா!

– சிரி, சிரி. இப்ப சிரிக்கற, ஸ்கூலுக்கும் போற. அன்னிக்குப் பரீட்சை ஹால்லேருந்து பாதியில எழுந்து வந்தவ, ரூம் கதவைச் சாத்தினதுதான். தட்டை வாசப்படியாண்ட வெச்சுட்டு நிப்பேன்...

– நின்னியா? பேசிகினே இருந்த. ஃபேன் ஓடுதா, ரசத்துல உப்பு சரியா கீதா, தலை வாரினியா...

– ஒண்ணுக்காவது பதில் சொன்னியா நீ?

– நடுவுல விட்டாத்தானே சொல்றதுக்கு?

– ...அதுவும் சரிதான்.

– இந்த மலையிலதாம்மா நீ பேசாம வர்ற.

– பேச மூச்சு கீதா எனக்கு?

– அதான் சொல்றேன். ஹால்ல எனக்கு இன்னா ஆச்சுன்னு மேடத்துக்கு முன்னாடி உங்கிட்டதான் சொன்னேன். உன் பையைக் குரங்கு பிடுங்கிச்சே, அந்தப் படியில.

– ம்... அதிதி, ஒண்ணு கேக்கட்டா? இதெல்லாம் நின்னுட்டா... மறுபடியும் கதவைச் சாத்திக்குவியா?

– எது நின்னா?

– ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்.

– பத்தரை ஆவுதும்மா. பன்னெண்டுக்கு மேடத்தைப் பாக்கணும்.

– போலாம், போலாம். இன்னா அவசரம்?

– எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.

– அது வந்து... மேடம் இன்னிக்கு லீவாம். போன் பண்ணாங்க.

– எப்போ?

– இப்பத்தான். கீழ நீ மோர் வாங்கிகினு இருந்தப்ப.

– அம்மா... உன் போன் என் கையில கீது. போட்டோ எடுக்க நீதானே காலையிலயே குடுத்த?

– போன வாரம் உன்னைப் பாத்துட்டு மேடம் வெளிய வந்தாங்க. "பொண்ணு நல்லா கீறா, இனிமே வர வேணாம், தேவைன்னா போன் பண்ணுங்க"ன்னாங்க. நானே சொல்லிக்கறேன்னு வந்துட்டேன். வாரம் பூரா சொல்லணும்னு பாத்தேன், வாய் வரல. எனக்கு, வாய் வரல! சனிக்கிழமை நின்னுட்டா நீ மறுபடியும் உள்ள போய்... கோவமாடி? ஏதாவது சொல்லேன்.

– உங்கிட்ட சொல்றதுக்கு முன்னாடியே, உள்ளார என்கிட்ட சொல்லிட்டாங்கம்மா. எனக்குத் தெரியும்னு அம்மாகிட்ட காட்டிக்காதீங்கன்னு நான்தான் கேட்டுகினேன்... அது உனக்குத் தெரிஞ்சிருந்தா இன்னிக்கு நீ மலை ஏற வந்திருப்பியா?