முப்பது நொடி அசையாதவன்

இரவு ஒன்றரை மணி. மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. சிங்கப்பூர் தேக்காவில் கடைவீடுகளின் முதுகுப்புறமாக ஓடுகிற ஒரு சந்து... பகலிலேயே குப்பை வண்டியைத் தவிர எதுவும் அதற்குள் நுழையாது. அங்கே அந்த நேரத்தில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். இரண்டே பேர்தான். ரிஸ்வான் அடித்துச் சொன்னான்.

என்னோடு வேலை பார்க்கும் ஹலீமாவின் அண்ணன்தான் இந்த ரிஸ்வான். இப்போதும் ஈசூன் அடுக்குமாடி வீட்டில்தான் இருக்கிறான். கேமரா என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவான். நடந்ததை ஹலீமாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னான். அவள் எனக்குச் சொன்னாள்.

ராத்திரிப் படம் எடுப்பதில் அவனுக்கு அப்படி ஒரு பித்து. ஆனால் எடுத்ததெல்லாம் கலங்கல். தெருவிளக்குகள் புழு நெளிகிற மாதிரி விழும். விடாமல் கற்றுக்கொண்டான். கேமரா நிற்கும் முக்காலியில் கனமான பையைத் தொங்கவிட்டால் ஆடாது. பொத்தானை அழுத்துகிற விரல்கூடப் படத்தை அசைத்துவிடும், டைமர் வைக்க வேண்டும். ஷட்டரை முப்பது நொடி திறந்தே வைத்தால், கண்ணுக்குத் தெரியாத இருட்டும் படத்தில் வெளுத்துவிடும்...

அன்றைக்குத் துணைக்கு வந்தவன் ஸைஃப். ரிஸ்வான் மனைவி சாதியாவின் தம்பி. பள்ளி விடுமுறை என்று சாதியா பிள்ளைகளோடு பாசிர் ரிஸ்ஸில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்.

சந்தில் ஏர்கான் தண்ணீர் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. டொக்... டொக்... ஈர அட்டைப்பெட்டி வாடை. அழுகின மல்லிகை வாடை. கடைவீடுகளின் பின்பக்கம் ஓர் இரும்புச் சுருள்படி. அதைக் குறிவைத்து முக்காலியை நிறுத்தினான்.

"நான் குறுக்க போனா படம் கெட்டுடும் லா, மச்சான்."

"போ, நல்லா நட. முப்பது செகண்டுல நடக்கிற ஆளு படத்துல விழவே மாட்டான். அசையாம நிக்கிறவன்தான் விழுவான்."

ஸைஃப் சிரித்துக்கொண்டே சந்தின் கோடிவரை நடந்து திரும்பினான். படம் எடுக்க முப்பது நொடி. இருட்டில் விழும் வெள்ளைப் புள்ளிகளைத் துடைத்துக் காட்ட அந்தக் கேமராவுக்கு இன்னொரு முப்பது நொடி. கறுத்த திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

படம் வந்தது. குப்பைத்தொட்டி, ஈரத்தரை, சுருள்படி... எல்லாம் துல்லியம். ஸைஃப் விழவில்லை.

ஆனால் படியடியில் ஒருவன் நின்றான்.

முழுக்கை வெள்ளைச் சட்டை. செருப்பில்லாத கால். தலை குனிந்திருந்தது. ரிஸ்வான் படத்தைப் பெரிதாக்கினான். சட்டைப் பொத்தான் தெரிந்தது. முடி ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது. நாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர்... விழாமல் தொங்கியது. முப்பது நொடி ஒரு சொட்டு எப்படித் தொங்கும்?

நிமிர்ந்து பார்த்தான். படியடியில் யாருமில்லை.

"வேலைக்கு வந்த வங்காளி தம்பி யாராச்சும் நின்னுட்டுப் போயிருப்பான்," என்று ஸைஃப் நேராக அங்கேயே போனான். படியைத் தட்டினான். ணங் என்றது. "பாருங்க, யாருமே இல்ல!"

"அங்கயே நில்லு ஸைஃப். அசையாதே."

ஏன் அப்படிச் சொன்னோம் என்று ரிஸ்வானுக்கு இன்னும் தெரியவில்லை. மறுபடி ஷட்டர் திறந்தது. அந்த முப்பது நொடியும் ஸைஃபை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பக்கத்தில் ஒன்றுமில்லை. நிச்சயமாக ஒன்றுமில்லை. ஏர்கான் தண்ணீர்ச் சத்தம் மட்டும் எப்போதோ நின்றுபோயிருந்தது.

படம் வந்தது. ஸைஃப் கொஞ்சம் கலங்கலாக இருந்தான். மூச்சு விடுகிற மனிதன் எவ்வளவு முயன்றாலும் கொஞ்சம் ஆடத்தான் செய்வான். அவன் தோளில் ஒரு கை இருந்தது. அந்தக் கை மட்டும் கலங்கவில்லை. நகக்கண் தெரிந்தது. வெள்ளைச் சட்டைக்காரன் இப்போது தலை நிமிர்ந்து, நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஸைஃப்... வா. இப்பவே வா."

"என்ன மச்சான்? காட்டுங்க."

"பேட்டரி போயிடுச்சு. காரை எடு."

வழியெல்லாம் ரிஸ்வான் வாய்க்குள் காவலுக்கான ஆயத்துல் குர்ஸீ ஓதிக்கொண்டே வந்தான். ஸைஃபின் சட்டையில் இடது தோள் மட்டும் நனைந்திருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை. தனியாகப் பாசிர் ரிஸ் வரைக்கும் அனுப்ப மனம் வரவில்லை. "ராத்திரி இங்கயே படு," என்று ஈசூன் வீட்டு ஹாலில் சோஃபாவைக் காட்டிவிட்டு அறைக்குப் போனான்.

தூக்கம் எங்கே வரும்? ஹாலிலிருந்து குறட்டை கேட்கத் தொடங்கியது. கேட்கக் கேட்க ஒரு நினைப்பு அவனைப் பிய்த்தது. அது ஸைஃபோடு வந்துவிட்டதா? அவனுக்கு ஏதாவது ஆனால் சாதியா முகத்தில் எப்படி விழிப்பது? வெறும் கண்ணுக்குத் தெரியாது. கேமராவுக்குத்தான் தெரியும்.

எழுந்தான். அறை வாசலில் முக்காலியை வைத்தான். நடைபாதை விளக்கு ஜன்னல் வழியாகச் சோஃபாமேல் விழுந்தது. ஸைஃப் தலையோடு போர்த்திப் படுத்திருந்தான். க்ளக்... முப்பது நொடி. அதற்குமேல் முப்பது நொடி. குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது.

படம் வந்தது. சோஃபா பக்கத்தில் யாருமில்லை. மூலையில் இல்லை. கதவோரம் இல்லை. அல்ஹம்துலில்லாஹ்... ரிஸ்வான் கேமராவை முக்காலியிலிருந்து கழற்றினான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நிம்மதியாகப் படத்தை இன்னொரு தடவை பெரிதாக்கினான்.

மின்விசிறி வட்டப் புகையாக விழுந்திருந்தது. ஜன்னல் திரை காற்றில் கலங்கியிருந்தது. போர்வை மட்டும் கலங்கவில்லை. ஒவ்வொரு மடிப்பும், ஒவ்வொரு நூலும் கல்லில் செதுக்கின மாதிரி. குறட்டை விடுகிறவனுக்கு நெஞ்சு ஏறி இறங்காதா?

மடியில் கைப்பேசி அதிர்ந்தது. திரையில் ஸைஃபின் பெயர்.

"மச்சான், முழிச்சுதான் இருக்கீங்களா? நீங்க ரூமுக்குப் போனதுமே நான் கீழ கோப்பிக்கடைக்கு வந்துட்டேன், தூக்கமே வரல. சூடா ஒரு தே தாரிக் பொட்டலம் கட்டிட்டு வரவா?"

ரிஸ்வான் சோஃபாவைப் பார்த்தான்.

ஹாலில் குறட்டை நின்றது.