ஊசி காட்டாத சூடு

அந்தப் பெட்டி மேலயே உக்காருங்க போர்மன் ஐயா. எங்க வீட்டுல நாக்காலி கெடையாது. அவரு இல்லீங்க. மருதானப் பக்கம் பட்டறையில ஏதாச்சும் வேல கேட்டுப் போயிருப்பாரு. வந்துருவாரு, இருங்க. வெள்ளவத்தயிலேருந்து ஜிந்துப்பிட்டி வரைக்கும் பஸ்ஸுல இடிபட்டு வந்திருக்கீங்க, வேர்த்துக் கொட்டுது. தண்ணி தரவா? எங்க கையால குடிப்பீங்களா? வேணாமா? சரி, விடுங்க.

என்ன சொன்னீங்க? திரும்ப வேலைக்கு வரலாமா? தொரை மன்னிச்சிட்டாரா? அடேங்கப்பா, பெரிய மனசுதான்! மன்னிக்கிற அளவுக்கு எம் புருசன் சங்கிலி என்ன செஞ்சாருன்னுதான் எனக்கு இன்னும் வெளங்கல. இல்ல, இல்ல, எந்திரிக்காதீங்க. நான் சண்டக்கி நிக்கல. எனக்குத் தெரிஞ்சத நான் சொல்றேன், தப்புன்னா நீங்க திருத்துங்க.

ஆயுத பூச அன்னிக்கு, ரத்மலானக் கொட்டகையில நிக்கிற தொரையோட அந்தச் சின்ன ஏரோப்பிளேனுக்கு இவரு சந்தனப் பொட்டு வச்சாரு. நெசந்தான். அந்த ஜப்பான் யுத்தம் நடக்கயிலேருந்து வருசா வருசம் வைக்கிறவருதானே. லாரிக்கு வைக்கிறோம், தையல் மிசினுக்கு வைக்கிறோம், எங்க வீட்டு அருவாமனைக்கே வைக்கிறோம். அந்தப் பிளேனக் கழுவித் தொடைக்கிறவரு வைக்காம வேற யாரு வைப்பா? நீங்களும் பக்கத்துல நின்னு, திருநீறு பூசி, கடல தின்னுட்டுத்தானே போனீங்க. ஆச மிஞ்சிப் போயி எஞ்சின் மூடியத் தொறந்து உள்ளயும் பொட்டு வச்சிருக்காரு. அதுல ஒண்ணு, சூடு காட்டுற ஊசிக்குக் கம்பி போயி மாட்டுற எடத்துல பட்டுருச்சு. அவ்வளவுதான் அவரு செஞ்சது.

அதுக்கப்புறம் தொரை ஏறிப் பறந்தாரு. எஞ்சின் குளுகுளுன்னு இருக்குன்னு ஊசி காட்டுது. எஞ்சின் என்னடான்னா அடுப்பாட்டம் கொதிச்சு, மேலயே மக்கர் பண்ணி நின்னு போச்சு. பாணந்துறப் பக்கம் வயல்ல கொண்டு போயி எறக்குனாரு, கையி ஒடிஞ்சதோட போச்சு. நீங்க மூடியத் தொறந்தீங்க. காஞ்ச சந்தனம் இருந்துச்சு. புடிச்சீங்களே அத! இந்தா பாருங்க தொரை, இந்தக் கூலிப்பய வச்ச பொட்டுதான் ஊசியக் கெடுத்துச்சுன்னு இங்கிலீசுல சொன்னீங்களாம். அவருக்கு எங்க இங்கிலீசு தெரியும்? நீங்க கைய நீட்டுனது தெரிஞ்சிருக்கு.

வேல போச்சு. போவட்டும், இந்தக் கொழும்புல வேல போனது அவரு ஒருத்தருக்கா? ஆனா கேட்டுக்கு வெளிய வச்சு நீங்க ஒண்ணு சொன்னீங்களாமே, உன்ர சாமி ஒரு மனிசனக் கொல்லப் பாத்ததடா சங்கிலி எண்டு. அதத்தான் அந்த மனுசன் வீடு வரைக்கும் சொமந்துக்கிட்டு வந்தாரு. வந்ததும் முருகன் படத்தச் செவுத்துப் பக்கம் திருப்பி வச்சிட்டாரு. கோயிலு இந்தா, அடுத்த தெரு, அந்தத் திக்கே போறதில்ல. சோத்துல கை வச்சா, சீனியம்மா, இது கொல பண்ணப் போன கைடின்னு எந்திரிச்சிருவாரு. ஆளு எலும்பும் தோலுமாப் போயிட்டாரு. நானும் சொல்லிப் பாத்தேன், அழுது பாத்தேன், கோயில் ஐயரக் கூட்டியாந்து சொல்லச் சொன்னேன். கேட்டாத்தானே! போர்மன் பூபாலசிங்கம் ஐயா படிச்சவரு, அவரு பொய் சொல்லுவாரான்னு என்னயே திருப்பிக் கேக்குறாரு.

அது கெடக்கட்டும், இப்ப மட்டும் தொரை எப்புடி மன்னிச்சாரு, நீங்க சொல்லுங்க. பிளேன ரிப்பேர் பண்ணி, சந்தனத்தச் சொரண்டி, ஸ்பிரிட்டு போட்டுத் தொடச்சும் ஊசி பழையபடி கொறச்சுத்தான் காட்டுச்சா? ம். மீட்டர மாத்துனீங்க. ம். எஞ்சின் தலையில சூடு புடிக்க மாட்டுற வளையத்த மாத்துனீங்க. அதுலயும் கேக்கல. பெறகு அந்த வளையத்தக் கொதிக்கிற தண்ணியில போட்டுப் பாத்தீங்களா? இது நல்லாயிருக்கே! தண்ணி தளதளன்னு கொதிக்குது, ஊசி மட்டும் வெதுவெதுன்னு காட்டுது. அப்போ மீட்டர்ல கோளாறு இல்ல, வளையத்துல கோளாறு இல்ல, பொட்டும் இல்ல. மிச்சம் இருக்கிறது கம்பிதானே ஐயா. கம்பியில என்ன இருந்துச்சு?

சும்மா சொல்லுங்க, இவ்வளவு தூரம் வந்துட்டு என்ன? ஒட்டா? யாரு போட்ட ஒட்டு? கீழ குனிஞ்சுக்கிட்டுச் சொன்னா எப்புடி, நிமுந்து சொல்லுங்க. நீங்களா! பூசைக்கு முன்னயா, பின்னயா? முன்னயே! கம்பி அத்துப் போச்சு, புதுசு சீமையிலேருந்து கப்பல்ல வரணும், தொரை அவசரப்படுத்துறாரு. அதுனால ஆபீசுல பியூனக் கூப்புடுற மணிக்கு இழுத்த கம்பியில மிஞ்சுனத வெட்டி நடுவுல சேத்துட்டீங்க.

கம்பிதானே, எல்லாம் ஒண்ணுன்னுதான் நானும் நெனப்பேன். அப்புடி இல்லயா? இது தனிச் சாதிக் கம்பியா? வேற சாதி நடுவுல பூந்துட்டா ஊசிக்குக் கணக்குக் கொறஞ்சிருமா? ஐயோ கடவுளே! சாதி விசயத்துல போயி நீங்க அசந்துட்டீங்களே ஐயா!

இப்ப தொரைகிட்ட என்ன சொல்லி வச்சிருக்கீங்க? புதுக் கம்பி போட்டேன்னு மட்டுமா? ஒட்டப் பத்திப் பேச்சே இல்ல. அவருக்கு நீங்க கெட்டிக்கார போர்மன், எங்களுக்கு மட்டும் தொரை மன்னிச்சிட்டாருங்குற கத. த்தூ! இல்ல, ஒங்களத் துப்பல, ஈ வாயில பூந்துருச்சு. பயப்புடாதீங்க, தொரைகிட்ட நான் போயிச் சொல்லப் போறதில்ல. எம் பேச்ச வெள்ளக்காரன் காதுல வாங்குவானா?

எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். சங்கிலி வச்ச பொட்டால ஒண்ணும் நடக்கல, அம்புட்டும் நான் போட்ட ஒட்டால வந்ததுன்னு ஒங்க வாயால சொல்லுங்க. எங்கிட்டதானே, என்ன வெக்கம்? முணுமுணுக்காதீங்க. சத்தமா. ம், இன்னொருக்கா, அவரு பேரச் சொல்லி.

போதும்யா. கண்ணத் தொடச்சுக்கங்க. ஒங்களப் பாத்து எனக்கு எரக்கம் வரல, கோவிச்சுக்காதீங்க.

வேலையா? வர மாட்டாரு. நான் விட மாட்டேன். அவருகிட்டயே கேக்கணுமா? கேளுங்களேன், அந்தச் சாக்குப் படுதாவுக்குப் பின்னாலதான் எல்லாத்தயும் கேட்டுக்கிட்டுப் படுத்திருக்காரு. அவரு மொகத்த நேர்ல பாத்தா ஒங்க வாயில உண்ம வராதே, அதான் இல்லேன்னேன். கால மடக்குங்க ஐயா, வழி விடுங்க. இந்தக் கஞ்சிய இன்னிக்காவது குடிக்கிறாரான்னு பாப்போம்.