குழந்தைகளை அழவைப்பது எப்படி?

விழாவுக்குத் தலைமை தாங்குவதோடு, பேசுகிறவர்களுக்கு மணியடித்து உட்காரவைக்கும் பொறுப்பையும் தாமே ஏற்றுக்கொண்டிருக்கும் எங்கள் சிறுவணிகர் சங்கத் தலைவர் அவர்களே! முன்வரிசையை முழுதாய் நிறைத்திருக்கும் மூத்த வணிகப் பெருமக்களே! கல்லாவையும் பார்த்து, வீட்டையும் பார்த்து, இந்த மாலையில் எங்கள் பேச்சையும் பொறுத்துக்கொள்ள வந்திருக்கும் தாய்மார்களே! கடையைப் பூட்டிவிட்டு வந்த அண்ணன்மார்களே, பூட்டினோமா இல்லையா என்ற கவலையோடு உட்கார்ந்திருக்கும் தம்பிமார்களே! உங்கள் அனைவரையும் ஊசியும் நூலும் பிடித்த இந்தத் தையல்காரனின் கைகள் கூப்பி வணங்குகின்றன.

சிறுதொழிலும் சிந்தனைத் திறனும் என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். சிந்தனை எங்கே பிறக்கிறது? குளிரூட்டிய கூடத்திலா? கொட்டை எழுத்துப் புத்தகத்திலா? இல்லை, சிக்கல் எங்கே வந்து சட்டையைப் பிடிக்கிறதோ, அங்கே பிறக்கிறது. என் கடைக்கு அடுத்தது முடிதிருத்தும் கடை. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். கடைக்காரரை நான் மச்சான் என்பேன், அவர் மனைவியைத் தங்கச்சி என்பேன். இரத்த உறவு ஒன்றும் இல்லை, அந்தச் சுவர் தந்த உறவுதான்.

அந்தச் சுவருக்கு அப்பாலிருந்து ஞாயிறுதோறும் அழுகை வரும். சாதாரண அழுகையா? அடிவயிற்றிலிருந்து எழும் அழுகை, அக்கம்பக்கம் அதிரும் அழுகை, அளவெடுக்கும் என் கையிலிருந்து நாடாவை நழுவவிடும் அழுகை! குழந்தைக்கு முடி வெட்டுகிறார்கள் என்று அர்த்தம். காத்திருக்கும் பெரியவர்கள் "அப்புறம் வரேன்" என்று எழுந்து போவார்கள். அப்புறம் வரமாட்டார்கள். தலைவர் தலையைக் குனிந்துகொள்கிறார், அவரும் அப்படிப் போனவர்தான்.

ஒரு ஞாயிறு, தாய் ஒருத்தி தன் மகனைக் கூட்டிவந்தாள். பாதித் தலை முடிந்திருக்கும், பையன் அலறிய அலறலில் முகம் சிவந்து மூச்சு வாங்கியது. அவள் அவனை அள்ளித் தூக்கிக்கொண்டு வெளியேறிவிட்டாள். ஒரு பக்கம் ஒட்ட வெட்டிய தலை, மறுபக்கம் காடாய் வளர்ந்த முடி. தெருவே வேடிக்கை பார்த்தது. மச்சான் கத்தரிக்கோலும் கையுமாய் வாசலில் நின்றார். மறுநாளே, சிறுவர்களுக்கு முடி வெட்டப்பட மாட்டாது என்று பலகை எழுதக் கொடுத்துவிட்டார்.

அன்று மதியம் தங்கச்சி சாப்பாடு கொண்டுவந்தாள். நானும் அங்கே உட்கார்ந்து இலவச ஆலோசனை வழங்கிக்கொண்டிருந்தேன். பெரிய டிவி வாங்கி மாட்டச் சொன்னேன். பொம்மை, பலூன், மிட்டாய் எல்லாம் ஏற்கெனவே பார்த்தாயிற்று. குழந்தைகள் மிட்டாயைத் தின்றுகொண்டே அழுதன.

"பலகைய மாட்டிட்டா, புள்ளையோட வர்ற அப்பாவும் வேற கடைக்குத்தான போவாரு?" என்றாள் தங்கச்சி. "அப்புறம் நம்ம கடைய இழுத்து மூட வேண்டியதுதான்."

"வேற என்ன பண்றது? எனக்கு ஒரு வழியும் தெரியல" என்றார் மச்சான்.

"சரி, விடுங்க. குழந்தைங்கள அழவைக்கிறதுக்குன்னே ஒரு கடை வைக்கிறோம்னு வச்சுக்கோங்க. என்னென்ன பண்ணுவீங்க?"

"வெந்து போய் இருக்கேன், கேலி பண்ணாத."

"கேலி இல்லீங்க. நெஜமாத்தான் கேக்கறேன்."

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "கைய அசைக்க முடியாம, கழுத்தோட சேத்துத் துணியக் கட்டணும்" என்றேன். "பின்னாடி போய் நிக்கணும், யாரு என்ன பண்றாங்கன்னே தெரியக் கூடாது" என்றாள் அவள். மச்சானுக்கும் சிரிப்பு வந்தது. "காதுகிட்ட கொண்டுபோய் மெஷினப் போடணும். அப்பாவ விட்டுத் தலைய அமுக்கிப் பிடிக்கச் சொல்லணும். ஆடினா காது போயிரும்னு மெரட்டணும்" என்றார். சொன்னவர் அப்படியே நிறுத்திவிட்டார். சாப்பாட்டில் வைத்த கை வாய்க்கு வரவில்லை.

"இத்தனையும் நான்தான பண்ணிட்டு இருக்கேன்" என்றார்.

அவையோரே, எண்ணிப் பாருங்கள்! அழுகையை நிறுத்துவது எப்படி என்று ஆண்டுக்கணக்கில் கேட்டோம், விடை வந்ததா? அழுகையை வளர்ப்பது எப்படி என்று அவள் ஒருமுறை கேட்டாள், வந்ததா இல்லையா? தீர்வைத் தேடும்போது திக்கித் திணறும் அறிவு, தீமையைத் தேடும்போது எவ்வளவு தெளிவாய் ஓடுகிறது! கேள்வியைக் கவிழ்த்துப் போடத் தெரிந்த அந்தக் கெட்டிக்காரியை நான் வியக்கிறேன், வணங்குகிறேன்.

அதோடு விட்டாளா? கணவரையே நாற்காலியில் உட்காரவைத்தாள். துணியைப் போர்த்தி இறுக்கினாள். பின்னால் போய்ச் சத்தமில்லாமல் நின்று, காதோரம் மெஷினைப் போட்டாள். எத்தனையோ தலைகளைப் பார்த்த மனிதர் துள்ளி எழுந்துவிட்டார். 

அன்றிலிருந்து சோதனைகள். துணி வேண்டாம், வீட்டிலிருந்து பழைய சட்டை போட்டு வரட்டும். பின்னால் நிற்க வேண்டாம், முக்காலி போட்டு முன்னால் உட்காரலாம். குழந்தையின் கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கலாம். முதல் நாளே ஒரு குழந்தை அந்தப் பாட்டிலால் காத்திருந்தவரைக் குளிப்பாட்டிவிட்டது. நனைந்தவர் யார் தெரியுமா? இதோ, மேடையில் இருக்கும் நம் செயலாளர்தான். காய்ந்துவிட்டார், கவலை வேண்டாம்.

அடுத்த ஞாயிறு சுவருக்கு அப்பால் சத்தமே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. தைத்துக்கொண்டிருந்த சட்டையோடு ஓடினேன். நாற்காலியில் மச்சான் உட்கார்ந்திருக்கிறார். ஒரு பொடிசு முக்காலிமேல் நின்று அவர் தலையை நனைத்துச் சீவிக்கொண்டிருக்கிறது. "ஆடாதீங்க மாமா" என்று அதட்டல் வேறு. அது முடிந்ததும் இடம் மாறினார்கள். கத்தரிக்கோல் மட்டும் பேசியது. பலகையை எழுதியவர் கொண்டுவந்தபோது, அதை வாங்கிவைக்கக்கூட ஆள் எழுந்து போகவில்லை. கடையில் அவ்வளவு கூட்டம்.

பின்வரிசையில் யாரோ "எங்க கடைக்கு என்ன வழி?" என்கிறார். ஐயா, வந்தவர் திரும்பி வராமல் இருக்க என்னென்ன செய்யலாம் என்று உங்களை நீங்களே கேளுங்கள். விடையை இங்கே உரக்கச் சொல்லிவிடாதீர்கள், உங்கள் வாடிக்கையாளர்கள் அரங்கில் இருக்கிறார்கள்.

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன், மணியில் கைவைத்திருக்கும் தலைவர் பொறுத்தருள வேண்டும். பாதித் தலையோடு போனானே ஒரு மகன், அவனைத் தாய் மீண்டும் கூட்டிவந்தாள். அவன் தூங்கும்போது அவளே வெட்டிப் பார்த்திருக்கிறாள், தலை மேடும் பள்ளமுமாய்க் கிடந்தது. அவன் படியைத் தாண்ட மறுத்தான். மச்சான் அவனை உள்ளே கூப்பிடவில்லை. வெளியே வந்து, அவனுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்து, சீப்பை அவன் பக்கத்தில் வைத்து, தலையை நீட்டினார். அவன் சீப்பைத் தொட வெகுநேரமாயிற்று. பிறகு சீவினான். பிறகு அவர் வெட்டினார், அந்தப் படியிலேயே, தெருவிலேயே, தலை முழுவதும்.

வெட்டி முடிந்ததும் அவன் சீப்பைத் திருப்பித் தரவில்லை. தாயின் கையைப் பிடித்து இழுத்தான். "நீயும் ஒக்காரும்மா. வலிக்காது" என்றான்.

அன்றைக்கு அந்த வாசலில் அழுதவர்கள் நான்கு பேர்: அந்தத் தாய், மச்சான், தங்கச்சி, நான். ஒருவர்கூடக் குழந்தை இல்லை.

கேள்வியைக் கவிழ்த்தவளும், கவிழ்த்த கேள்விக்குத் தலைகொடுத்தவரும் மூன்றாம் வரிசையில் கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குச் சேர வேண்டிய கைதட்டல் ஏதாவது இருந்தால் அதை அவர்கள் பக்கம் திருப்பிவிடுங்கள். இவ்வளவு நேரம் செவிகொடுத்த உங்களுக்கும், மணியடிக்க மறந்துபோன தலைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி, வணக்கம்.