சனிக்கிழமைக் கோளாறு

— மெதுவா, மெதுவா... கேபிளைப் புடிச்சு இழுக்காதீங்க அண்ணி. மானிட்டர் குப்புற விழுந்தா அண்ணன் என்னைத்தான் கேப்பான்.

— உன்னை எதுக்குக் கேக்கப் போறார்? என்னைத்தான் கேப்பார். தங்கச்சியை என்னைக்குக் கேட்டிருக்கார் அவர்?

— ஆமா, ஆமா. கொஞ்சம் ஒதுங்குங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க. என்ன ஆச்சு, முதல்லேர்ந்து சொல்லுங்க.

— அதேதான். காலையில லேப்டாப்பை ஆன் பண்ணேன். இந்தப் பெரிய திரையில எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊருது. போன வாரம் நீ சரி பண்ணிட்டுத்தானே போன?

— பண்ணிட்டுத்தான் போனேன்.

— அதுக்கு முந்தின வாரமும்...

— பண்ணேன். அதுக்கு முந்தின வாரமும் பண்ணேன். எண்ணிக்கிட்டே இருக்கீங்களா?

— சும்மா கேட்டேன்மா.

— எழுத்தைப் பெரிசாக்கிப் பார்த்தீங்களா?

— பார்த்தேன். இதுல சரியாச்சு, லேப்டாப்புல சுவர் விளம்பரம் மாதிரி ஆயிடுச்சு. ஒரு வார்த்தைக்கு ஒரு திரை! எனக்கு ரெண்டும் வேணும். அதுல ஆசிரியரோட கையெழுத்துப் பிரதி, இதுல நான் வடிவமைக்கிற பக்கம். திங்கட்கிழமை முப்பத்திரண்டு பக்கம் அச்சகத்துக்குப் போகணும்.

— போயிடும். இங்க பாருங்க. இந்தப் பெரிசுல புள்ளியெல்லாம் நெருக்கமா, நிறைய இருக்கு. லேப்டாப்புல கம்மி. இந்த மெஷினை ஓட்டுற நம்ம லினக்ஸுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ரெண்டுக்கும் ஒரே கரண்டியில பரிமாறும். ஒண்ணுக்குப் பத்தாது, ஒண்ணுக்கு வழியும்.

— உங்கம்மா மாதிரியா?

— எங்கம்மாவா? அவங்க ஒரே கரண்டியில பரிமாறிட்டாலும்! அண்ணனுக்குன்னு தனிக் கரண்டியே இருந்துச்சு. நீங்க பார்த்ததில்ல.

— ஹஹ... சரி, அப்புறம்?

— அப்புறம், லேப்டாப்புகிட்ட மட்டும் ஒரு பொய் சொல்லணும். நீ இருக்கிறதை விட ரெண்டு மடங்கு பெரிசுன்னு. அதை நம்பி எழுத்தைச் சுருக்கிக்கிட்டு அது ஒழுங்கா இருக்கும்.

— பாவம்.

— அதுக்கென்ன பாவம்? பக்கத்துல இருபத்தேழு இன்ச்சைக் கொண்டாந்து வச்சா அதுக்கு வேற எப்படி ஆறுதல் சொல்றது? எனக்கு அண்ணன் என்ன வாங்கித் தந்தான் தெரியுமா?

— என்ன?

— கீபோர்டு. அதுவும் அவன் அடிச்சுத் தேய்ச்சது. 'ழ' வராது. ஒரு வருஷம் 'ழ' இல்லாமத் தமிழ் அடிச்சேன்.

— இது வேலைக்காக வாங்கினதும்மா.

— கம்ப்யூட்டர் கடையில நானும் வேலைதான் பார்க்கிறேன். மூணு பேருக்கு ஒரு மானிட்டர். அதுலயும் நடுவுல ஒரு பச்சைக் கோடு.

— நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா உனக்கும்...

— கேட்டு வாங்குறது வேற அண்ணி. நீங்க கேட்டீங்களா?

— ...இல்ல. அவரே ஒருநாள் தூக்கிட்டு வந்தார்.

— பார்த்தீங்களா.

— எலி, நான் என்ன சொல்ல வர்றேன்னா...

— எலின்னு கூப்பிடாதீங்க.

— ஏன்? அவர் கூப்பிடுறாரே.

— அதனாலதான். அது அவன் வச்ச பேரு. அவன் மட்டும் கூப்பிட்டாப் போதும்.

— சரி தாயே, கூப்பிடல.

— ...இப்ப, பெரிய திரை எந்த இடத்துலேர்ந்து ஆரம்பிக்குதுன்னு சொல்லணும். லேப்டாப்போட அகலம் முடியுற புள்ளி. ஆயிரத்து முந்நூத்து அறுபத்தாறு...

— ரெண்டாயிரத்து எழுநூத்து முப்பத்திரண்டு.

— என்ன?

— இல்ல... ரெண்டு மடங்குன்னு பொய் சொன்னியே. அப்ப இதையும் ரெண்டால பெருக்கணுமில்ல? இல்லேன்னா ஒரு திரை மேல இன்னொண்ணு ஏறிடும்.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— போன வாரம் நீ போடறப்ப பார்த்தேன்.

— ஒரு தடவை பார்த்து நாலு இலக்கமும் ஞாபகம் இருக்கா?

— பக்க எண் மாறினா எனக்கு வேலை போயிடும். எண்ணு கண்ணுல ஒட்டிக்கும். ம்... தட்டு.

— தட்டியாச்சு. ரெண்டும் ஒரு நொடி இருட்டும், பயப்படாதீங்க... வந்துடுச்சா? மவுசை இந்தப் பக்கம் தள்ளுங்க.

— போகுது! வழுக்கிட்டுப் போகுது. உனக்குக் கைராசிதான்.

— ராசியுமில்ல, ஒண்ணுமில்ல. நானும் அண்ணனும் ஒரே நாற்காலியில ஆளுக்குப் பாதி உக்காந்து லினக்ஸைப் போட்டுப் போட்டுக் கெடுத்திருக்கோம். ராத்திரி சாப்பாடு ஆறிப்போய் அம்மா கத்துவாங்க. இப்ப அவனுக்குக் கடைப்பக்கம் வரக்கூட நேரமில்ல. ஆறு மணி ஆனா நேரா இங்க ஓடி வந்துடுறான்.

— யார் சொன்னா?

— யார் சொல்லணும்? நான்தான் பார்க்கிறேனே. மூணு சனிக்கிழமையா நான் கிளம்புறதுக்குள்ள வந்து நிக்கிறான். சிரிப்பென்ன, பேச்சென்ன... பொண்டாட்டி மேல அவ்வளவு... விடுங்க. நீங்க குடுத்து வச்சவங்க.

— அது கிடக்கட்டும். சரியாயிடுச்சில்ல? நான் வேலையை ஆரம்பிக்கட்டுமா?

— துரத்துறீங்களா?

— துரத்தலம்மா. ஆனா... இனிமே உன்னை வாரா வாரம் அலைய விடவேண்டாம்னு அவர் சொல்றார். அவர் ஆபீஸ்ல இதெல்லாம் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காராம். திங்கட்கிழமை கூட்டிட்டு வந்து ஒரேயடியாச் சரி பண்ணிடலாம்னார்.

— ஆபீஸ் ஆளா? அந்த ஆளுக்கு என்ன தெரியும்?

— பெரிய கெட்டிக்காரராம்.

— கெட்டிக்காரர்! அண்ணன் வாயாலயா சொன்னான்?

— நான் வேண்டாம்னுதான் சொன்னேன். கேட்டாத்தானே.

— நீங்க ஏன் வேண்டாம்னீங்க?

— ...வெளியாள் எதுக்கு, வீட்டுக்குள்ள. அதான்.

— ஆமா அண்ணி. அந்த ஆள் வரக்கூடாது. வந்தா கண்டுபிடிச்சிடுவான்.

— எதை?

— திட்டக்கூடாது.

— சொல்லு முதல்ல.

— இப்ப நான் அடிச்ச கட்டளை, மெஷினை அணைச்சதும் மறந்து போயிடும். ஆன் பண்ணும்போது தானா ஓடுற ஃபைல் ஒண்ணு இருக்கு. இதே வரியை அதுல எழுதி வச்சா, ஆயுசுக்கும் நீங்க என்னைக் கூப்பிட வேண்டாம்.

— நீ எழுதலையா?

— முதல் வாரம் எழுதல. ரெண்டாவது வாரமும் எழுதல. மறதி இல்ல... வேணும்னேதான்.

— ஏன்?

— திரை கெட்டாத்தானே கூப்பிடுவீங்க? நல்லா இருந்தா என்னை யாரு தேடப் போறா? கல்யாணமாகி எட்டு மாசம். இதுக்கு முன்னாடி இந்த வீட்டுக்குள்ள எத்தனை தடவை வந்திருக்கேன்? கூடப் பொறந்தவனைப் பார்க்க எனக்கு ஒரு கோளாறு வேண்டியிருந்துச்சு. உங்களைப் பார்த்தாலே வயிறு எரிஞ்சுச்சு. போதுமா?

— எரிஞ்சுச்சா... எரியுதா?

— ரெண்டும்.

— சரி, அழாதே. கீபோர்டு நனையுது. போன வாரமும் எழுதலையா?

— அதான் எனக்குப் புரியல. போன வாரம் நான் வந்தப்ப நீங்க திரையில மூக்கு முட்டுற மாதிரி உக்காந்து, கண்ணைக் கசக்கிக் கசக்கி அந்தப் பொடி எழுத்தைப் படிச்சிட்டு இருந்தீங்க. மனசு கேக்கல. எழுதிட்டேன். ரெண்டு தடவை அணைச்சு, போட்டுக்கூடப் பார்த்தேன். இன்னையோட முடிஞ்சுதுன்னு பஸ்ல ஜன்னல் பக்கம் திரும்பியே உக்காந்துட்டுப் போனேன்.

— அப்புறமும் இன்னைக்குக் காலையில நான் போன் பண்ணிட்டேன்.

— சந்தோஷமா இருந்துச்சு. பயமாவும் இருந்துச்சு. வந்ததும் நீங்க தண்ணி எடுக்கப் போனீங்கல்ல, அப்பவே அந்த ஃபைலைத் திறந்தேன். இருங்க, காட்டுறேன்... பாருங்க. காலி.

— அப்டேட் ஏதோ வந்துச்சு. அதுல போயிருக்கும்.

— அப்டேட் இதைத் தொடாது.

— அப்ப உங்கண்ணன் எதையாவது...

— அவனுக்கு இதோட பாஸ்வேர்டே தெரியாது. நீங்கதானே சொன்னீங்க? அண்ணி... இங்க பாருங்க. உங்களைத் தவிர இதை யாரும் தொடுறதில்ல. கைதவறி அழிஞ்சிருந்தாப் பரவாயில்ல. நான் சிரிக்க மாட்டேன். இப்பவே திரும்ப எழுதிடுறேன். ஒரு வரிதானே?

— எழுதாதே.

— ஏன் அண்ணி?

— கைதவறல. நான்தான் அழிச்சேன், இன்னைக்குக் காலையில. நீ வர்ற அன்னைக்கு மட்டுந்தான்... உங்கண்ணன் ஆறு மணிக்கு வீட்டுக்கு வர்றார்.