கேப்டன் கட்டம்

இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கும் தேநீரில் பால் அதிகம், தூள் குறைவு. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், இன்ஸ்பெக்டர் புவான் நோர்மா. பாயான் லெப்பாஸில் இருபத்தாறு வருடம் தொழிற்சாலைத் தேநீர் குடித்தவன் நான், எதையும் குடித்துவிடுவேன். மலாய் எனக்கு நன்றாகவே பேச வரும். ஆனால் எழுதுவதற்குத் தமிழ்தான் தோது என்றேன், நீங்களும் மறுக்காமல் தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். மொழிபெயர்ப்பவரிடம் ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள். எண்களை அவர் மாற்றிவிடக் கூடாது.

என் பெயர் சுகுமாரன். வயது ஐம்பத்திரண்டு. பட்டர்வொர்த், பாகான் டாலாமில் குடியிருக்கிறேன். நான் வந்தது என் நண்பன் சுப்பையாவுக்காக. எங்கள் நண்பன் மோகனராஜ் மேல்மாடியிலிருந்து விழுந்து இறந்ததற்குச் சுப்பையாவின் அலட்சியமே காரணம் என்று ஒன்பது வாரமாக அவனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரிக்கிறீர்கள். அவனுக்கு இருந்த வேலைகள் எல்லாம் போய்விட்டன. கோயிலில்கூட ஆட்கள் அவனைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறார்கள். அவன் நல்ல தச்சன், புவான். அவன் பொருத்திய பலகை தானாக விழாது. ஏன் விழுந்தது என்று சொல்ல வேண்டுமானால் முதலில் அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அதன் பெயர் அயர்ன் கோர்ட். தொண்ணூற்று இரண்டில், சிங்கப்பூரில் வேலை பார்த்த சுப்பையாவின் அண்ணன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். அதோடு வந்த விளையாட்டு அது. கதை நூறு வருடம் கழித்து நடக்கிறது. இரும்புத் தரை, இரும்புப் பந்து, அணிக்கு ஏழு பேர், நடுவர் கிடையாது. பந்தை வலைக்குள் போட்டால் பத்து மதிப்பெண். எதிரணிக்காரன் ஒருவனை எழுந்திருக்க முடியாதபடி அடித்துப் போட்டாலும் பத்து மதிப்பெண். இரண்டு ரோபோக்கள் வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போகும். அவன் இடத்துக்கு மாற்று ஆள் வருவான்.

வலையில் போடுவதைவிட ஆளைப் போடுவது சுலபம். அது எங்களுக்கு ஒரே வாரத்தில் தெரிந்துபோனது.

ஆட்டக்காரர்களின் பெயரை நாமே மாற்றி எழுதலாம். நாங்கள் ஓர் அணிக்குப் பாகான் டாலாம் என்று பெயர் வைத்து எங்கள் பெயர்களையே எழுதினோம். மோகனராஜ் முதலில், சுப்பையா அடுத்து. நடுவில் எங்களுக்குப் பிடிக்காத வாத்தியார்கள் நான்கு பேர். நான் அன்றைக்குத் தாமதமாகப் போனதால் ஏழாவது இடம்தான் மிச்சம் இருந்தது. ஏழாவது ஆளுக்கு அந்த விளையாட்டில் பலம் குறைவு. இரண்டு அடி போதும், விழுந்துவிடுவான். இது ஒரு தற்செயல், இதற்கு யாரையும் நான் குற்றம் சொல்லவில்லை.

மோகனராஜ் எப்போதும் எதிரணியைத்தான் எடுப்பான். எங்கள் பெயர்களை அடிப்பதில் அவனுக்கு ஓர் ஆனந்தம். மதிப்பெண் தேவைப்படும்போதெல்லாம் சுகு என்று எழுதியிருந்த என் ஆளைத் தேடி வருவான். சுகு விழுந்ததும் "பத்து!" என்று கத்திக்கொண்டு இரண்டு காலாலும் எம்பிக் குதிப்பான். சுப்பையா வீடு பலகைத் தரை. "டேய் மோகனு, வூட்ட இடிச்சிராதடா!" என்று சுப்பையாவின் அம்மா அடுப்படியிலிருந்து சத்தம் போடுவார். அந்தப் பழக்கம் அவனைவிட்டுக் கடைசிவரை போகவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன்பு மோகனராஜ் ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டை வாடகைக்கு எடுத்தான். கீழே அவன் மனைவி காமினி தேநீர், குளிர்பானம் விற்கும் தண்ணீர்க் கடை போட்டார். மேலே பழைய விளையாட்டு மெஷின்கள். அவற்றைப் பழுதுபார்த்தது நான். ஒரு சென் காசுகூடக் கேட்கவில்லை, அவன் கொடுக்க வந்தபோதும் வாங்கவில்லை. ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு அயர்ன் கோர்ட் சுவரில் பெரிதாகத் தெரியும். இருபது பேர் கூடிவிடுவார்கள். அதே பாகான் டாலாம் அணி, அதே பெயர்கள்.

அந்த மாதிரிக் கடைவீடுகளில் மேல்மாடித் தரையில் ஒரு சதுர ஓட்டை இருக்கும். படிக்கட்டு குறுகல் என்பதால் அலமாரி, மூட்டை எல்லாவற்றையும் கயிறு கட்டி அதன் வழியாகத்தான் அந்தக் காலத்தில் ஏற்றினார்கள். எங்கள் மெஷின்களும் அப்படித்தான் ஏறின. பிறகு சுப்பையா அந்த ஓட்டைக்குக் கனமான பலகை மூடி செய்தான். அடியில் தாங்குவதற்கு ஓர் இரும்புப் பட்டை வைத்து, இரண்டு போல்ட் போட்டு முடுக்கினான். நான்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மோகனராஜ் அந்த மூடியைச் சுற்றிச் சிவப்பு டேப் ஒட்டினான். அதற்குக் கேப்டன் கட்டம் என்று பெயர். அவன் மட்டும்தான் அங்கே நின்று விளையாடுவான். வேறு யாராவது தெரியாமல் கால் வைத்தால் கூட்டமே ஊளையிடும். கேலிக்காக ஆரம்பித்தது, பிறகு சட்டமாகிவிட்டது. இன்னொரு சட்டமும் உண்டு. ஆட்டம் தொடங்கினால் நடுவில் நிறுத்தக் கூடாது. இதுவும் அவன் போட்டதுதான்.

போன வருடம் மார்ச் மாதம் தொழிற்சாலையில் என் இடது கை மெஷினில் மாட்டிக்கொண்டது. இரண்டு விரல்கள் போயின. ஆஸ்பத்திரியில் மோகனராஜ், சுப்பையா, அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆறேழு பேர் பார்க்க வந்தார்கள். மோகனராஜ் கட்டிலின் கால்மாட்டில் நின்று என் கைக்கட்டைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "பத்து" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். நர்சும் சிரித்தார், எதற்கென்று தெரியாமலே. நானும் சிரித்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மோகனராஜ், "சும்மா மெயின் மெயின்தான்லா மச்சான், வெளாட்டுக்குச் சொன்னேன். நீ சிரிச்சாத்தானே கை ஆறும்" என்றான்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு மூன்று வாரம் தினமும் கட்டு மாற்ற என்னைக் காரில் அழைத்துப்போனவன் அவன்தான். காமினி சோறு கட்டிக் கொடுத்தனுப்பினார். இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. எனக்கு அவன் மீது கோபமும் இல்லை. நான் கோபப்படுகிற ஆள் கிடையாது, தொழிற்சாலையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் கை ஆறி முதல் ஞாயிறு நான் படியேறிப் போனபோது, முன்பின் தெரியாத பையன்கள்கூட என்னைப் பார்த்து "பத்து!" என்றார்கள். கதை பரவியிருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது, ஆனாலும் போய் உட்கார்ந்தேன். சுவரில் பாகான் டாலாம் அணி வந்தது. ஏழாவது இடத்தில் ஹரீஷ் என்று இருந்தது. ஹரீஷ் அங்கே வாரம் தவறாமல் வரும் ஒரு வங்கிக்காரன், முப்பது வயது இருக்கும். விளையாட்டே அவனைவிட வயதில் மூத்தது.

"ஒனக்குக் கை சரியில்லல்ல? சப்ஸ்டிடியூட் எறக்கிட்டேன்டா" என்றான் மோகனராஜ். "நீ ரெஸ்ட் எடு. மெஷின மட்டும் பாத்துக்க, போதும்."

முப்பத்து மூன்று வருடம் அந்தப் பெயர் அங்கே இருந்தது, புவான். விழுந்தாலும் எழுந்தாலும் இருந்தது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, வீட்டில் வேறு யாரும் இல்லை. ஞாயிறு மூன்று மணிக்கு என் பெயர் ஒரு சுவரில் வரும். அதை அழித்துவிட்டு என்னை ரெஸ்ட் எடுக்கச் சொன்னான்.

நான் எட்டு மாதம் பொறுத்தேன். வீட்டில் தனியாகப் பழகினேன். மீதமிருந்த மூன்று விரலாலும் உள்ளங்கையின் அடியாலும் ஜாய்ஸ்டிக்கைப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். பிறகு ஒரு நாள் மோகனராஜிடம், ஒரே ஓர் ஆட்டத்துக்கு என் பெயரைத் திரும்பப் போடும்படி கேட்டேன். அவன் என் தோளைக் கட்டிக்கொண்டான். "இத கேக்கத்தான் இவ்ளோ நாளாடா? போடுறேன்லா. ஒன்ன மறுபடி அடிச்சி எவ்ளோ நாளாச்சு" என்றான். அவன் கண் கலங்கியிருந்ததாகச் சுப்பையா பிறகு சொன்னான். நான் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை காலை கடை பூட்டியிருந்தது. மெஷின் வேலைக்காக என்னிடம் ஒரு சாவி உண்டு. ஏணி போட்டு ஏறி, இரண்டு போல்ட்டையும் கழற்றினேன். இரும்புப் பட்டையை விளிம்பில் சும்மா பொருந்தி நிற்கும்படி வைத்தேன். மூடியின் மேல் சாதாரணமாக ஏறி நின்றால் தாங்கும். நானே மேலே போய் நின்று பார்த்தேன், தாங்கியது. குதித்தால் மட்டும்தான் தாங்காது. அதாவது முடிவை நான் அவனிடமே விட்டிருந்தேன். அவன் குதிக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கும் இருந்திருப்பான். இதை மொழிபெயர்ப்பவர் கட்டாயம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிறு மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கியது. அவன் கட்டத்துக்குள் நின்றான். நான் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தேன். எங்கள் பின்னால் பதினைந்து பேர் இருந்தார்கள், ஹரீஷும் இருந்தான். நான் நன்றாக விளையாடினேன். எல்லாருக்கும் ஆச்சரியம். "பார்றா, இந்தக் கைய வச்சிக்கிட்டு எப்படி வெளுக்குறான்!" என்று மோகனராஜ்தான் முதலில் பாராட்டினான். வலையில் போடும்போது அவன் குதிக்க மாட்டான், ஆளைப் போட்டால்தான் குதிப்பான். அதனால் அவன் போட்ட பந்துகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக நேரம் மிச்சம் இருந்தபோது இருவருக்கும் அறுபது.

அப்போது சுகுவை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினேன். பந்து இல்லாமல், ஓடாமல் நிறுத்தினேன். அவன் வரவேண்டியதுதான் பாக்கி.

அவன் வந்தான். முதல் அடியில் சுகு தள்ளாடினான். இரண்டாவது அடியில் விழுந்தான். சுவரில் ரோபோக்கள் வருவதற்குள் "பத்து!" என்ற சத்தம் கேட்டது. பிறகு பலகை உடைகிற சத்தம், இரும்புப் பட்டை சிமெண்டில் விழுகிற சத்தம். அதன் பிறகு காமினியின் குரல். அவர் கல்லாவுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அவர் மேல் விழாதது நல்லதாயிற்று.

எல்லாரும் படிக்கட்டுக்கு ஓடினார்கள். நான் ஓடவில்லை. நான் அதிர்ச்சியில் உறைந்து உட்கார்ந்திருந்ததாக உங்கள் கோப்பில் இருக்கிறது. அது ஹரீஷ் சொன்னது, தவறு. ஆட்டம் இன்னும் முடியவில்லை, நடுவில் நிறுத்தக் கூடாது என்பது சட்டம். எதிரணியை நடத்த ஆள் இல்லாததால் அவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். வலைக்காவலன் மட்டும் மெஷின் ஓட்டத்தில் அசைந்தான். அவனைத் தாண்டி இரண்டு முறை போட்டேன். சுகுவுக்குப் பதிலாக வந்த மாற்று ஆளைப் பயன்படுத்தவே இல்லை. நேரம் முடிந்து சங்கு ஊதியது. எண்பது, எழுபது.

அதன் பிறகுதான் எழுந்து ஓட்டையின் ஓரத்துக்குப் போனேன். மோகனராஜ் கண் திறந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தான். அவனைச் சிரிக்கவைக்கலாம் என்றுதான் நினைத்தேன், சிரித்தால் ஆறும் என்று சொன்னவன் அவன்தானே. "பத்து" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். கீழே இருந்தவர்களில் காமினி மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். ஐந்தாம் நாள் இறந்தான். சவப்பெட்டியை நானும் தூக்கினேன்.

நீங்கள் வந்து பார்த்தபோது பட்டையில் போல்ட் இல்லை. சுப்பையா முடுக்கவே மறந்துவிட்டான், இத்தனை நாள் பட்டை சும்மா பொருந்தி நின்றது என்று முடிவு கட்டினீர்கள். அவன் முடுக்கியதாகச் சொன்னான், யாரும் நம்பவில்லை. என்னைக் கேட்டீர்கள், எனக்கு ஞாபகமில்லை என்றேன். போன மாதம் சுப்பையா என் வீட்டுக்கு வந்து அழுதான். "நான் போட்டேன்தானேடா? நீதானே ஏணிய புடிச்ச? எனக்கே இப்ப சந்தேகமா இருக்குடா" என்றான். அவனுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். அப்போது போல்ட்டுகள் சமையல் அலமாரியில் சீனி டின்னுக்குப் பின்னால் இருந்தன. இப்போது உங்கள் மேசையில் இருக்கின்றன.

இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். சரியான நேரம் அமையவில்லை. நேற்று ஞாயிறு. மோகனராஜ் நினைவாக ஹரீஷ் ஒரு போட்டி வைத்திருந்தான். ஓட்டையைச் சிமெண்ட் போட்டு அடைத்திருந்தார்கள். சுவரில் மோகனராஜின் படத்துக்குக் கீழே புதுப் பலகை ஒன்று மாட்டியிருந்தது. "கடைசி ஆட்டம். மோகனராஜ் 70, சுகுமாரன் 60. ஆட்டம் நிறுத்தப்பட்டது." அப்படி எழுதியிருந்தது.

நான் ஹரீஷைத் தனியே கூப்பிட்டு, இது தவறு என்றேன்.

"இல்லண்ணே, நான் ஓடுறப்ப பார்த்தேன், எழுவது அறுவது. அப்புறம் டவல் எடுக்க மேல வந்து நான்தான் சுவிட்ச ஆஃப் பண்ணேன். ஸ்கிரீன பாக்கல. அதுக்கப்புறம் யாருண்ணே விளையாடுனா?"

"நான்" என்றேன்.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனச போட்டு கொழப்பிக்காதீங்கண்ணே" என்றான். என் இடது கையைத்தான் பிடித்திருந்தான். இன்று காலை முதல் ஃபெர்ரியில் ஏறி இங்கே வந்துவிட்டேன்.

நான் வந்தது சுப்பையாவுக்காகத்தான் என்பதை மறுபடியும் எழுதி, கீழே கையெழுத்துப் போடுகிறேன். மோகனராஜைக் கொன்றது நான். சுப்பையாவைப் போலீஸ் விசாரணையிலிருந்து நீங்கள் எப்போது விடுவித்தாலும் சரி, அதற்கு ஒன்றும் அவசரமில்லை. சுவரில் மாட்டிய அந்தப் பலகையை மட்டும் இன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். எண்பது, எழுபது.