தொட்டியில் நாலு கட்லா

“மீனுக்கு வாட்ச் கட்டுனியே, அதுதாண்டா என் குட்டையவே சாகடிச்சுது!”

தருமபுரியிலிருந்து இண்டூர் போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு அம்மா தன் தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தார். தம்பிக்கே நாற்பது வயதிருக்கும்.

“வாட்ச் இல்லக்கா, சென்சாரு. மீன் நல்லாருக்குதா, மூச்சுத் திணறுதான்னு போனுக்குச் சொல்லும்.”

“இன்னிக்கு விடியக்காத்தால ஓடியாந்து நான் என்ன சொன்னேன்? குட்டைல மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குதுன்னு சொன்னனா இல்லியா?”

“சொன்னக்கா. ஆனா போன்ல பச்சைதான் எரிஞ்சுது. அதான் திரும்பப் படுத்துட்டேன்.”

“எரியாம என்ன பண்ணும்? சென்சார் கட்டுன நாலு கட்லா மீனும் எங்கடா இருந்துச்சு?”

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“சொல்லு, பஸ்ஸே கேக்கட்டும்.”

“வூட்டுத் தொட்டில. வெல ஜாஸ்திக்கா அது. கொக்கு தூக்கிட்டுப் போனா மீனோட மிஷினும் போயிரும்னு புடிச்சாந்து வுட்டேன்.”

“தொட்டில காத்து மோட்டார் ஓடுது, நாலும் சொகமா நீந்துது. குட்டைல மிச்சதெல்லாம் வயித்தக் காட்டி மெதக்குது!”

அப்போது தம்பியின் போன் அலறியது. பார்த்தவர் பதறி எழுந்தார்.

“செவப்பு எரியுதுக்கா! வூட்ல கரண்ட் போயிருச்சு போல, தொட்டி மீனுக்கு மூச்சு முட்டுது. எறங்கி ஆட்டோ புடிக்கிறேன்.”

அந்த அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“குந்துடா. நான் கத்துனப்ப படுத்துக் கெடந்தவன், போன் கத்துனா எந்திரிக்கிறியா?”