கேப்டனைப் பாக்குற வரிசை

இல்ல தம்பி, நீங்க சொல்றது படம் ரிலீசான வரிசை. எங்க வீட்டுல அது செல்லாது. இப்படித் தள்ளி உக்காருங்க, அங்க ஃபேன் காத்து வராது. எங்க வீட்டுக்காரரு உள்ள சட்டை மாத்திக்கிட்டிருக்காரு. கேப்டனோட ரசிகர் ஒருத்தர் பாக்க வர்றாருன்னு சொன்னதுலேருந்து இது மூணாவது சட்டை.

உங்களுக்குத் தெரியாததா? மொதல்ல வந்த நாலு இங்கிலீஷ் படத்துலயும் விண்கலக் கேப்டனுக்கு நரைச்ச தலை. விண்கலம், சண்டை, கிரகம் கிரகமா ஓட்டம். பல வருஷம் கழிச்சு, வாலிபத்துல கேப்டன் என்ன பண்ணாருன்னு முன்கதையா மூணு எடுத்தாங்க. நீங்க அந்த நாலையும் மொதல்ல பாக்கணும்ங்கிறீங்க, அப்பதான் கதையோட ரகசியம் உடையாம இருக்கும்ங்கிறீங்க. சரிதான். நாங்க கதை நடந்த வரிசையில பாக்குறோம். வாலிபம் மொதல்ல, நரை அப்புறம்.

ஏன்னா கேக்குறீங்க? நீங்க படத்தைப் பாக்குறீங்க தம்பி. நான் குரலைக் கேக்குறேன்.

மொத படத்துக்குத் தமிழ்ல பேச இவரைக் கூப்பிட்டப்ப எங்களுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான். மீசைகூட ஒழுங்கா அடர்த்தியாகாத மனுஷன், கெழட்டுக் கேப்டனுக்குப் பேசணும். கண்ணாடி முன்னாடி நின்னு, கலத்தைத் திருப்புங்கடான்னு அடிவயித்துலேருந்து கத்துவாரு. தொண்டத் தண்ணி வத்திப்போயிரும். பக்கத்து வீட்டம்மா ஓடி வந்து, ஏம்மா, உன்னை அடிக்கிறானான்னு கேட்டாங்க. சிரிக்காதீங்க, நெசமாத்தான். பின்னால எங்க மக பள்ளிக்கூடத்துல, எங்கப்பாதான் கேப்டன்னு சொல்லியிருக்கா. ஒருத்தரும் நம்பல. ஒருநாள் அவளைக் கூட்டிட்டு வரப் போனவரு வாசல்ல நின்னே ஒரு அதட்டு போட்டாரு பாருங்க, வகுப்பே கப்சிப்.

அப்புறம் அந்த முன்கதை மூணும் வந்துது. கூத்தைப் பாருங்க, வாலிபத்துல கெழவனுக்குப் பேசுனவரு, வயசானப்புறம் வாலிபனுக்குப் பேசணும். குரலை இறுக்கி இறுக்கிப் பேசுனாரு. கரகரத்துப்போச்சு. கடைசிப் படத்துல வசனத்துக்கு வசனம் செருமுவாரு. வெந்நீர் ஃபிளாஸ்கோட நானும் கூடவே போயி உக்காந்திருப்பேன். சவுண்டு பாக்குறவரு கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலேருந்து, இன்னொரு டேக் போலாமா சார், இன்னொரு டேக் போலாமா சார்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. ஒருத்தர்கூட இவருகிட்ட எரிஞ்சு விழல. அதுலயே எனக்குப் புரிஞ்சுபோச்சு. சளின்னுதான் வெளியில சொல்லிக்கிட்டோம்.

உங்க வரிசையில பாத்தா அந்தக் குரல் பாகத்துக்குப் பாகம் தேஞ்சுக்கிட்டே போகுது தம்பி. கடைசியில செருமல்தான் மிச்சம். நாங்களும் ஒருதடவை அப்படித்தான் பாத்தோம். முடிஞ்சதும் எழுந்து போயி செவுத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டாரு. சாப்பிடவும் வரல. மறுநாள் நான்தான் வரிசையை மாத்திப் போட்டேன். இப்படிப் பாத்தா மொத மூணுக்குக் கரகரப்பு, அதைப் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தாண்டிட்டா, நாலாவதா வர்ற அந்தப் பழைய படத்துல கணீர்னு வந்துடும், வெங்கலம் மாதிரி. அப்ப நிமிந்து உக்காருவாரு. உதடு மட்டும் அசையும். ஒரு வசனம் தப்பாது.

என்னது? ஆமா, இப்ப கைதட்டுனது அவருதான். என்னைக் கூப்பிடுறாரு, அப்படித்தான் கூப்பிடுவாரு. இதோ வர்றோங்க!

ஐயோ, உங்களுக்கு யாரும் சொல்லலையா? குரல்வளையை எடுத்துட்டாங்க தம்பி, போன மழைக்காலத்துல. உசுரு தங்குனாப் போதும்னு எடுக்கச் சொல்லிட்டோம். பரவால்ல, நீங்க எந்திரிச்சுப் போயிடாதீங்க, பாவம், சட்டையெல்லாம் மாத்தியிருக்காரு. ரெக்கார்டு பண்ண எடுத்த அந்த ஃபோனை மட்டும் பையில வச்சுக்குங்க, வசனம் பேசச் சொல்லாதீங்க. உள்ள வாங்க. நீங்க எதுனா பேசுங்க. இந்த வீட்டுல என் குரல் ஒண்ணையே கேட்டுக் கேட்டு அவருக்கும் அலுத்துப்போயிருக்கும்.